சாம்பலியின் இடது காது

தொங்குகாது முயலை வாங்க வருகிற எல்லாரும் காதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். "ஐயோ, எவ்வளவு அழகாத் தொங்குது பாருங்க" என்பார்கள். அந்தக் காதைத் தூக்கி உள்ளே பார்த்த ஒருத்தரை இந்தப் பத்து வருசத்தில் நான் கண்டதில்லை. குறை சொல்லவில்லை. வளர்த்த நானே பார்க்கவில்லை.

இப்போது பார்க்கிறேன். தினமும் காலையில் பெரட்டுக்கு, பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு, ஆட்கள் போன பிறகு ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பார்க்கிறேன். காதைத் தூக்க வேண்டும். வெளிச்சத்துக்குத் திருப்பி உள்ளே பார்க்க வேண்டும். மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்க்க வேண்டும். நல்ல காதுக்கு வாடையே இருக்காது. பிறகு இரண்டு காதடியையும் ஒரே நேரத்தில் விரல்களால் பிடித்து, ஒரு பக்கம் மட்டும் தடிப்பாக இருக்கிறதா என்று மெதுவாக அமுக்க வேண்டும். நேராக நிற்கிற காது என்றால் காற்றுப் போகும், அழுக்கு தானாக வெளியே வரும். இது மடிந்து தொங்குவதால் அடியில் குழாய் நெரிந்து மூடிக்கொள்கிறது. உள்ளே என்ன இருந்தாலும் உள்ளேயே இருந்துவிடும். முயல் வாய்விட்டு அழுகிற பிராணியும் இல்லை. வலித்தால் இன்னும் கொஞ்சம் அடக்கமாக உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

பாடம் எடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த யோக்கியதை எனக்கு இல்லை. இதெல்லாம் எனக்கு எப்போது தெரிந்தது, அதற்கு முன்னால் எவ்வளவு தெரிந்திருந்தது என்பதுதான் விசயமே.

என் பெயர் ஜெயரூபன். கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் கடைசிக் காம்பரா எங்களுடையது. எல்ல ஊரில் ஒரு ஹோட்டல் பூந்தோட்டத்தில் வேலை செய்தபோது முதலாளி ஒரு சோடி தொங்குகாது முயல் கொடுத்தார். அது பெருகியது. வேலையை விட்டுவிட்டு முயலோடு உட்கார்ந்தேன். லயத்தில் எனக்கு 'முயல் கங்காணி' என்று பெயர் வைத்தார்கள். மலைக்கு வேலைக்குப் போகாத ஆம்பிளைக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? என் மனைவி சுபாஜினி கொழுந்தெடுத்தாள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது நான் கூண்டில் கோவா இலை போட்டுக்கொண்டிருப்பேன். "கங்காணி ஐயா, இன்னைக்கு எத்தன பேர் வேலைக்கு?" என்று கேட்டுவிட்டுப் போவாள். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான்.

அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தியது. பெரகல சந்தியில், வெல்லவாய ரோடு பிரிகிற இடத்தில், ஒரு கடைக் காம்பரா காலியாக இருந்தது. வெள்ளைக்காரர்களும் கொழும்பு ஆட்களும் வண்டியை நிறுத்தி டீ குடிக்கிற இடம். முன்னால் கண்ணாடிக் கூண்டு வைத்து, முயலும் தீனியும் வைத்து, பெயர்ப்பலகை எழுதி உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. பசி இல்லை, பட்டினி இல்லை, நோய் இல்லை. ஆசைதான். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு எல்லாரிடமும் "புள்ளையோட படிப்புக்காக" என்று சொன்னேன்.

கடைக்குக் காசு வேண்டும். சவூதியில் வீட்டு வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று சொன்னதும் நான்தான், ரெண்டு வருசம்தானே என்று சொன்னதும் நான்தான். சுபாஜினி முடியாது என்று சொல்லவில்லை. முடியாது என்று சொல்லிப் பழகியவள் இல்லை. மகள் லக்சிகாவுக்கு அப்போது ஆறு வயசு. அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துத் தலையைப் பேன் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நான் என்னத்தங்க சொல்றது. ரோதமுனியக் கேப்போம். அவரு போன்னா போறேன்."

ரோதமுனி எங்கள் பெக்டரிச் சாமி. கொழுந்து அரைக்கிற ரோதைக்குக் காவலாக அந்தக் காலத்தில் சுவரோரம் கல் நட்டுக் கும்பிட்டார்கள். பெக்டரியை மூடிப் பன்னிரண்டு வருசமாகிறது. தகரமும் மெசினும் போய்விட்டன, முனி மட்டும் இருக்கிறார். சுபாஜினியின் அப்பா ஒரு வருசம் பூசை போடாமல் ரோதையில் கைவைத்து மூன்று விரலைக் கொடுத்தவர். அந்தக் கையில் சோறு வாங்கித் தின்று வளர்ந்தவள் அவள். முனியை மீறி ஒரு காரியம் செய்தால் அது பிள்ளை தலையில் விடியும் என்பது அவளுக்கு விடிந்தால் வெளிச்சம் வரும் என்பது மாதிரி.

கேட்கிற முறை இதுதான். ஓர் உயிரைக் கொண்டுபோய் முனி முன்னால் நிறுத்தி, கேட்க வேண்டியதைக் கேட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையில் தெளிக்க வேண்டும். அது தலையைச் சிலுப்பினால் உத்தரவு. சிலுப்பாமல் நின்றால் இல்லை. ஆட்டுக்கிடாயைத்தான் நிறுத்துவார்கள். கிடாய் சில நேரம் அரை மணித்தியாலம் கல்லாக நிற்கும். அப்படி நின்றால் அந்தக் காரியத்தை விட்டுவிடுவார்கள். எத்தனையோ கல்யாணம் அப்படி நின்றிருக்கிறது.

பக்கத்துக் காம்பராவில் இருக்கிற சுபாஜினியின் அக்கா நிரஞ்சலா, ஒரு சேவலைத் தருகிறேன் என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன்.

"சேவல்னா அறுக்கணும். நம்ம சாம்பலிய நேந்து விட்டாப் போதுமே. உயிரும் போகாது, சாமிக்கு வீட்டுல வளந்த சீவன்னா இன்னும் விருப்பம்."

சுபாஜினிக்கு அறுப்பது பிடிக்காது. உடனே சரி என்றாள். சாம்பல் நிறத்தில் காது தோளுக்குக் கீழே விழுந்த பெட்டை அது, அவள் கையால் கரட் வாங்கித் தின்னும். பூசாரி அழகையா மாமாவும் ஒத்துக்கொண்டார். அவர் பெக்டரியில் ரோதை ஓட்டியவர், முனிக்கு ஆள் இல்லாமல் போனதும் தானாகப் பூசாரியானவர். "முயலும் உயிர்தானே. சிலுப்புனாச் சரி" என்றார்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

சாம்பலி சிலுப்பும் என்று எனக்குத் தெரியும். பல மாதமாகவே அது தலையை உதறிக்கொண்டிருந்தது. தின்னும்போது உதறும், தூங்கி எழுந்தால் உதறும், இடது காதடியில் கைபட்டால் கட்டாயம் உதறும். பின்னங்காலால் அந்தக் காதைச் சொறிந்துகொள்ளும். ஒரு தடவை பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயை ஆறவைத்து உள்ளே விட்டேன், பிள்ளைகளுக்குக் காதுவலி என்றால் விடுவது போல. அதோடு மறந்துவிட்டேன். நோய் என்று நினைக்கவில்லை, பழக்கம் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பதின்மூன்று முயலில் அதைத்தான் எடுத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். சுபாஜினி தலைக்குக் குளித்து ஈரத் துணியோடு நின்றாள். லக்சிகா அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழகையா மாமா சூடம் கொளுத்தி, "முனியாண்டி, ஒன் மக கடல் தாண்டிப் போகக் கேக்குறா. போகலாம்னா சொல்லு, வேண்டாம்னா நிப்பாட்டு" என்றார். சாம்பலியை நான் பிடித்திருந்தேன். அவர் செம்பில் கையை விடும்போது நான் முயலைக் கொஞ்சம் திருப்பினேன். இடது பக்கம் அவருக்கு நேராக வரும்படி திருப்பினேன். கண் மூடித் திறப்பதற்குள் செய்தேன், யாரும் பார்க்கவில்லை.

மலைத் தண்ணீர், பனி மாதிரிக் குளிர். இடது காதடியில் விழுந்தது. சாம்பலி தலையைச் சிலுப்பியது பாருங்கள், இரண்டு காதும் என் கையில் அடித்தன. ஒன்று, இரண்டு, மூன்று தடவை. நிரஞ்சலா குலவை போட்டாள். "இவ்வளவு சுருக்கா எந்தக் கிடாயும் சொன்னதில்ல" என்றார் அழகையா மாமா.

சுபாஜினி கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறக்க வெகுநேரம் ஆனது. முயல் சிலுப்பாமல் நிற்கும் என்று நம்பித்தான் அவள் வந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதே புரிந்தது. திறந்ததும் என்னைப் பார்த்து, "சரிங்க. அவரே சொல்லிட்டாரு" என்றாள்.

ஆறு வாரத்தில் போய்விட்டாள்.

முதல் நாலு மாதம் வெள்ளிக்கிழமை தோறும் போன் வந்தது. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. பிறகு அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மொட்டைமாடியில் துணி காயப்போடப் போகும்போது பக்கத்து வீட்டு டிரைவர், மன்னார் ஆள், தன் போனை மதிலுக்கு மேலால் நீட்டுவார். அதில் நாலு நிமிசம் பேசுவாள். இரவு ரெண்டு மணிக்குப் படுத்து அஞ்சு மணிக்கு எழும்புவதாகச் சொன்னாள். மூன்று வீட்டு வேலை ஒரே ஆளாகச் செய்வதாகச் சொன்னாள். ஒரு நாள் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டபோது, அயன் பெட்டியைச் சூட்டோடு கையில் வைத்துவிட்டார்கள் என்றாள்.

"யாரு? எதுக்கு?"

"சட்ட கருகிருச்சுங்க. அதுக்கு."

அவள்தான் என்னைத் தேற்றினாள்.

"நீங்க யோசிக்காதீங்க. சாமி உத்தரவு குடுத்துத்தானே வந்தேன். முனி பாத்துக்கிட்டுத்தான் இருப்பாரு. என்னமோ நல்லதுக்குத்தான். அந்த நெனப்புலதான் நான் எழும்பி நடமாடுறேன்."

போனை வைத்துவிட்டுக் கூண்டுப் பக்கம் போனேன். சாம்பலி சாமிக்கு விட்ட முயல் என்பதால் அதற்குத் தனிக் கூண்டு. அது தலையைச் சிலுப்பிக்கொண்டிருந்தது. கழுத்தைத் திருகிப் போடலாமா என்று இருந்தது எனக்கு. அதுக்கு என்ன தெரியும், பாவம். திருக வேண்டிய கழுத்து வேறு.

அவள் போய்ப் பதினொரு மாதத்தில் எல்ல ஹோட்டல்காரர் ஒருவர் நாலு முயல் கேட்டார். பிள்ளைகள் தூக்கி விளையாடுவார்கள், அதனால் டொக்டர் பார்த்துச் சொன்னால்தான் எடுப்பேன் என்றார். பதுளையிலிருந்து நஸ்லியா டொக்டர் வந்தார். சின்ன வயசு, முக்காடும் ரப்பர் கையுறையுமாக வாசலில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். பல்லைப் பார்க்கவில்லை, எடையைப் பார்க்கவில்லை. முதலில் காது.

"தொங்குகாதுக்கு இதுதான் முதல்ல பார்க்கணும். இதுங்க காட்டிக்கொடுக்காது. நாமதான் தேடணும்" என்று சொல்லிக்கொண்டே எனக்கும் பிடித்துக் காட்டினார். மேலே நான் சொன்னதெல்லாம் அவர் வாய்ச்சொல். மூன்று முயலின் காதில் மெழுகு அடைத்திருந்தது. ஒன்று காதுவலியால் ஒரு பக்கமாக மட்டுமே மெல்லுகிறது, அதை எனக்குக் காட்டினார். பத்து வருசம் நான் என்ன வளர்த்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

எல்லாம் முடிந்து எழும்பும்போது தனிக் கூண்டைப் பார்த்தார்.

"அது?"

"அது விக்கிறதுக்கு இல்லீங்க. சாமிக்கு விட்டது."

"சாமிக்கு விட்டதுக்கும் காது இருக்குதானே? கொண்டாங்க."

கொண்டுவந்து கொடுத்தேன். அவர் இடது காதடியைத் தொட்டதும் சாம்பலி சிலுப்பியது. டொக்டர் முகம் மாறியது. காதைத் தூக்கி விரலால் அடியிலிருந்து மேலே மெதுவாகத் தள்ளினார். கெட்டித் தயிர் மாதிரி வெள்ளையாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. வாடை என் மூக்கில் ஏறியது. அந்த வாடையை எனக்கு முன்னாலேயே தெரியும். கூண்டு நாற்றம் என்று நினைத்திருந்தேன்.

"சீழ். முயலுக்கு இப்படித்தான் கட்டியா இருக்கும், ஒழுகாது. அதனால வெளியில தெரியாது. இது ரெண்டு வருசமாவது இருக்கும். எண்ணெய் ஏதும் விட்டீங்களா?"

"ஒரு தடவ."

"விடக்கூடாது. இன்னும் அடைச்சிரும்." பஞ்சில் கையைத் துடைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். "வலியில தலையை உதறிக்கிட்டே இருந்திருக்குமே. நீங்க கவனிக்கலையா?"

"கவனிச்சேன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அடுத்த கிழமை சாம்பலியை அட்டைப்பெட்டியில் வைத்து பஸ்ஸில் பதுளைக்குக் கொண்டுபோனேன். மயக்க ஊசி போட்டுக் காதைக் கழுவினார். ஊசியில்லாத சிரிஞ்சால் காலையும் மாலையும் வாயில் விட மருந்து தந்தார், ஏழு வாரத்துக்கு. ஒரு வேளை தவறவில்லை நான். சுபாஜினிக்குக்கூட அவள் காய்ச்சலில் கிடந்தபோது நான் இப்படி மணி பார்த்து மருந்து கொடுத்ததில்லை. அதன் வலியை எடுத்துவிட்டால் நான் செய்ததில் ஏதோ கொஞ்சம் கழியும் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் சொறிவது நின்றது. ஐந்தாவது வாரம் இரண்டு பக்கமும் மென்று தின்றது. ஏழாவது வாரம் காதடியைப் பிடித்தால் கண்ணை மூடிக்கொண்டு கையில் சாய்ந்தது. லக்சிகா அதைத் தூக்கிக்கொண்டு லயம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள்.

இரண்டு வருசமாக அந்த ஊமைச் சீவன் வலியில் தலையை உதறியிருக்கிறது. அதைச் சாமி வாக்கு என்று சொல்லி ஒருத்தியைக் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறேன். இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு போனுக்கும் நினைப்பேன். நாலு நிமிசத்தில் எதைச் சொல்வது என்று விட்டுவிடுவேன். நேரம் இல்லாதது காரணம் இல்லை. தைரியம் இல்லை.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குரல் கேட்டபோது அது அவள் குரல் மாதிரியே இல்லை. ரகசியம் பேசுவது போல மூச்சாகப் பேசினாள்.

"என்னங்க, கவனமா கேளுங்க. வார சனிக்கிழமை இவங்க எல்லாரும் கல்யாணத்துக்குப் போறாங்க. பின்கதவுச் சாவி என் கையில இருக்கும். டிரைவர் அண்ணன் எம்பசி வாசல்ல எறக்கி விட்டுர்றேன்னு சொல்றாரு. அங்க போய்ட்டா ஊருக்கு அனுப்பிருவாங்களாம்."

"போயிரு. யோசிக்காத, போயிரு சுபா."

"அப்படிப் போக முடியாதுங்க. சாமி சொல்லி வந்தவ சாமியக் கேக்காமத் திரும்பக்கூடாது. எங்கப்பா கைய நீங்களும்தானே பாத்தீங்க. எனக்குன்னாப் பரவால்ல, லக்சிகாவுக்கு ஏதும் ஆயிருச்சுன்னா? முனியக் கேளுங்க. அதே முயல வச்சுக் கேளுங்க. அக்காவும் கூட நிக்கட்டும். சிலுப்புச்சுன்னாப் போயிர்றேன். வெள்ளிக்கிழம போன் எடுக்குறேன்."

"சுபா, அந்த முயலு..."

போன் அடங்கிவிட்டது.

இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: பச்சைத் தண்ணீர் தலையில் விழுந்தால் எந்த உயிரும் சிலுப்பும். நாய் சிலுப்பாதா, கோழி சிலுப்பாதா? செவ்வாய்க்கிழமை காலை அதே இடத்துக்குப் போனோம். அழகையா மாமா சூடம் கொளுத்தினார். "ஒன் மக திரும்பி வரக் கேக்குறா. வரலாம்னாச் சொல்லு" என்றார். நிரஞ்சலா கைகூப்பி நின்றாள், லக்சிகாவும் கூப்பினாள். நான் முயலை இடது பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

தண்ணீர் விழுந்தது. சாம்பலி கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தது. அசையவில்லை.

இரண்டாவது தடவை செம்பு நிறைய எடுத்துத் தெளித்தார். மயிர் நனைந்து உடம்போடு ஒட்டியது. பயந்தால் முயல் ஆடாது அசையாது என்று எனக்குத் தெரியாதா என்ன, பத்து வருசம் வளர்த்தவனுக்கு? மூன்றாவது தடவை தெளிக்கும்போது நான் கட்டைவிரலை அதன் இடது காதடியில் வைத்து அமுக்கினேன். நன்றாகவே அமுக்கினேன். சிலுப்பு, சனியனே, சிலுப்பு என்று பல்லைக் கடித்தேன். அது என் விரலில் தலையைச் சாய்த்துக்கொண்டது. தடவிக் கொடுக்கிறேன் என்று நினைத்திருக்கிறது.

"உத்தரவு இல்ல" என்றார் அழகையா மாமா. நிரஞ்சலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"மாமா, அன்னைக்கு அதுக்குக் காதுல சீழு. அந்த வலியிலதான் சிலுப்புச்சு. இப்பச் சுகமாயிருச்சு, அதான் சிலுப்பல. டொக்டரம்மா பாத்துச் சொன்னாங்க, கேட்டுப் பாருங்க."

அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தச் சீழக் குடுத்தது யாரு தம்பி? அன்னைக்கு அது வழியாப் பேசுனாரு. இன்னைக்குப் பேசல. நீ மருந்து குடுத்தா சாமி மாறிருமா?"

நிரஞ்சலா என் தோளைத் தொட்டாள். "அவ வரணும்னு ஒங்களுக்கு இருக்குற தவிப்பு தெரியுது தம்பி. அதுக்காகச் சாமி வாக்கப் பொய்னு சொல்லாதீங்க. அவளுக்குத்தான் ஆகாது."

இடது பக்கம் திருப்பிப் பிடித்ததை அப்போது சொல்லியிருக்கலாம். சாமி முன்னால், இரண்டு பேர் முன்னால் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். லக்சிகா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. நிரஞ்சலா மலைக்குப் போகாமல் காத்திருந்தாள். நான் எடுத்தேன்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். சிலுப்புச்சு சுபா. நல்லாச் சிலுப்புச்சு. நாளைக்கே கெளம்பிரு."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அந்த ஒரு மூச்சுக்காகவே இன்னும் ஆயிரம் பொய் சொல்லலாம் என்று இருந்தது.

"அக்காகிட்ட ஒருக்காக் குடுங்க."

"அக்கா மலைக்கு..." என்று தொடங்கினேன். நிரஞ்சலா பக்கத்திலேயே நின்று, "நான் இருக்கேன்டி" என்று போனை வாங்கிவிட்டாள். தங்கச்சி என்ன கேட்டாள் என்பது எனக்குக் கேட்கவில்லை. நிரஞ்சலா என்னைப் பார்த்தாள். கண்ணால் கெஞ்சினேன் நான். சுபா முனி பெயரைச் சொல்லிக் கேட்டிருப்பாள் போல. நிரஞ்சலா நெற்றியில் அறைந்துகொண்டு, "இல்லடி... மூணு தடவ தெளிச்சோம். நின்னுருச்சுடி" என்றாள்.

போனைப் பிடுங்கினேன்.

"சுபா, நான் சொல்றதக் கேளு. நேரம் இல்ல, கேளு. அன்னைக்கும் சாமி சொல்லல. அந்த முயலுக்கு எடது காதுல சீழு. வலியில சிலுப்புச்சு. அங்க தொட்டாச் சிலுப்பும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அதக் கொண்டாந்தேன். தண்ணி அந்தப் பக்கம் படுற மாதிரி நான்தான் திருப்பிப் பிடிச்சேன். சாமி ஒன்னப் போகச் சொல்லல. நான்தான் அனுப்புனேன். அதனால யாரையும் கேக்க வேண்டியதில்ல. நாளைக்குக் கெளம்பி வந்துரு."

நிரஞ்சலா என்னை விட்டு விலகி வாசலில் போய் நின்றாள்.

போனை வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன், இல்லை, விநாடி ஓடிக்கொண்டிருந்தது. திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டட்டும், செருப்பைக் கழற்றி அடிக்கட்டும், வந்து அடிக்கட்டும். தூரத்தில் ஏதோ ஒரு பள்ளிவாசலில் பாங்கு சொல்வது கேட்டது. பிறகு மெதுவாக, சண்டைக்கு இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டாள்.

"அப்ப நான் இங்க இருக்குறது சாமிக்கே தெரியாதாங்க?"

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். பொய் எனக்குப் புதுசில்லை, ஒரு நிமிசத்துக்கு முன்னால்கூடச் சொன்னேன். அவள் எழும்பி நடமாடுவதற்கு இருந்த ஒன்றே ஒன்றை என் வாயாலேயே பிடுங்கிவிட்டு, அந்த ஒரு பொய்யைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

போன் அடங்கியது.

சனிக்கிழமை முழுக்கக் கையில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் அடிக்கவில்லை. டிரைவரின் நம்பர் வேலை செய்யவில்லை. பதுளைக்குப் போய் வெளிநாட்டு வேலை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன், எழுதிக்கொண்டார்கள். நிரஞ்சலா என்னோடு பேசுவதில்லை. லக்சிகாவுக்கு மட்டும் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். நான் காலையில் முயல்களை ஒவ்வொன்றாக மடியில் எடுத்துக் காதைத் தூக்கிப் பார்க்கிறேன். எல்லாக் காதும் சுத்தமாக இருக்கிறது. அவள் போன் வந்து பதினொரு வாரமாகிறது.